கேள்வி பதில்: இந்த விளம்பரத்துக்குப் பணம் கொடுத்தவர் யார்?

அமெரிக்க மாநிலங்களில் தேர்தல் விளம்பரங்களுக்கும் அவற்றின் பின்னாலுள்ள பணத்துக்கும் உள்ள விதிகளைப் பற்றி, அங்கு வசிக்கும் வாசகர்கள் கேட்டவற்றுக்கு இம்முறை பதில் தருகிறேன். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: மக்கள் வாக்குக்கு விடப்பட்ட தீர்மானம் ஒன்றை எதிர்த்து எங்கள் வீட்டுக்குத் தபாலில் ஒரு வண்ண அட்டை வந்தது. அதன் அடியில், பணம் கொடுத்த குழுவின் பெயரோடு மூன்று நிறுவனங்களின் பெயர்களும் கட்டம் போட்டு அச்சிடப்பட்டிருந்தன. டெக்ஸாஸில் இருக்கும் என் தங்கைக்கு வரும் அட்டைகளில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது என்கிறாள். ஒரே நாட்டில் இந்த வேறுபாடு ஏன்?
– வாசகி, சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா

பதில்: அதிபர், செனட், பிரதிநிதிகள் சபை ஆகிய தேர்தல்களுக்கான விளம்பரங்களை மத்தியத் தேர்தல் ஆணையமான எஃப்.இ.சி. கவனிக்கிறது. ஆளுநர், மாநிலச் சட்டமன்றம், மேயர், பள்ளி வாரியம், சில இடங்களில் நீதிபதி, இவற்றோடு மக்கள் வாக்குக்கு விடப்படும் தீர்மானங்கள் ஆகியவையெல்லாம் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வருகின்றன. எனவே ஒரே நாளில் உங்கள் தபால் பெட்டியில் விழும் இரண்டு அட்டைகள்கூட வெவ்வேறு சட்டங்களுக்குக் கட்டுப்பட்டவையாக இருக்கலாம்.

உங்கள் மாநிலத்தில் 1974 ஜூனில் வாக்காளர்களே நேரடியாக வாக்களித்து அரசியல் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதைச் செயல்படுத்த எஃப்.பி.பி.சி. என்ற 5 உறுப்பினர் ஆணையம் உருவானது. நீங்கள் பார்த்த கட்டம் அதற்குப் பின் வந்த ‘டிஸ்க்ளோஸ்’ சட்டத்தின் விளைவு. 2017இல் கையெழுத்தாகி 2018 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தின்படி, பல விளம்பரக் குழுக்கள் தங்களுக்கு 50,000 டாலரும் அதற்கு மேலும் கொடுத்தவர்களில் முதல் மூன்று பேரின் பெயரை விளம்பரத்திலேயே காட்ட வேண்டும். எழுத்தின் அளவைக்கூடச் சட்டம் விட்டுவைக்கவில்லை. அச்சு விளம்பரத்தில் ஏரியல் எழுத்துருவில் 10 புள்ளிக்குக் குறையக்கூடாது. மற்ற வாசகங்களிலிருந்து பிரிந்து தெரியும்படி கட்டத்துக்குள் இருக்க வேண்டும். தொலைக்காட்சியில் திரையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு முழுக்கக் கறுப்பாக்கப்பட்டு, அதில் எழுத்தின் உயரம் திரை உயரத்தில் குறைந்தது 4 சதவீதமாக இருக்க வேண்டும். 30 விநாடி விளம்பரமானால் 5 விநாடியாவது அது நிற்க வேண்டும். படிப்பதற்குச் சற்றே வேடிக்கையாக இருந்தாலும், பெயரைப் போடு என்று மட்டும் சொன்னால் கண்ணில் படாதபடி போடுவார்கள் என்பதை அறிந்தவர்கள் எழுதிய சட்டம் என்பது தெரிகிறது.

டெக்ஸாஸின் விதி சுருக்கமானது. அது அரசியல் விளம்பரம் என்ற குறிப்பும், பணம் கொடுத்தவரின் முழுப் பெயரும் இருந்தால் போதும். பணம் கொடுத்தவருக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பதை உங்கள் தங்கை தானே தேடிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: இந்தக் குழுக்களின் பெயர்களெல்லாம் குடும்பநலம், வேலைவாய்ப்பு, சுதந்திரம் என்று மங்களகரமாகவே இருக்கின்றன. அந்தப் பெயரை எவ்வளவு பெரிதாக அச்சிட்டால்தான் என்ன, உண்மையான ஆள் யாரென்று தெரியவா போகிறது?
– வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். பணம் ஒரு அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கும், அதிலிருந்து மூன்றாவதற்கும் கைமாறி வந்தால், விளம்பரத்தின் அடியில் இருக்கும் பெயர் உண்மையாகவும் இருக்கும், எதையும் சொல்லாததாகவும் இருக்கும்.

2012 கலிஃபோர்னியாவில் நடந்தது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வரி உயர்வு பற்றிய 30ஆம் தீர்மானத்தைத் தோற்கடிக்கவும், தொழிற்சங்கங்களின் அரசியல் நிதி பற்றிய 32ஆம் தீர்மானத்தை வெற்றிபெறச் செய்யவும் பாடுபட்ட குழு ஒன்றுக்கு, உங்கள் அரிசோனாவிலிருந்து ‘பொறுப்பான தலைமைக்கான அமெரிக்கர்கள்’ என்ற அமைப்பு 1 கோடியே 10 லட்சம் டாலர் அனுப்பியது. கொடுத்தவர்கள் யார் என்று எஃப்.பி.பி.சி. கேட்டது, அமைப்பு மறுத்தது, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நவம்பர் 6 வாக்குப்பதிவு. நவம்பர் 4, ஞாயிற்றுக்கிழமையன்று, கணக்குகளைக் காட்டும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. மறுநாள் அமைப்பு வாயைத் திறந்தபோது வெளிவந்தவை மனிதர்களின் பெயர்கள் அல்ல, பணம் வந்த வழியிலிருந்த வேறு இரண்டு அமைப்புகளின் பெயர்கள். அவற்றுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதை அறியாமலேயே கலிஃபோர்னியர்கள் வாக்களித்தார்கள். அந்தப் பணம் ஆதரித்த இரண்டு நிலைப்பாடுகளும் தோற்றன. 2013இல் சம்பந்தப்பட்ட அமைப்புகளுக்கு 10 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

அடுத்த ஆண்டே வாஷிங்டன் மாநிலத்தில் இதன் வேறொரு வடிவம் தெரிந்தது. மரபணு மாற்றிய உணவுகளில் லேபிள் ஒட்ட வேண்டும் என்ற 522ஆம் தீர்மானத்தை எதிர்த்து, மளிகைப் பொருள் உற்பத்தியாளர் சங்கம் 1 கோடியே 10 லட்சம் டாலர் கொட்டியது. உண்மையில் பெப்சிகோ, நெஸ்லே, கோகோ கோலா முதலிய உறுப்பு நிறுவனங்களிடம் தனிக் கணக்கில் திரட்டிய பணம் அது. வாடிக்கையாளர் எவரும் அந்த நிறுவனங்கள்மீது கோபப்படக்கூடாது என்பதற்காகச் சங்கத்தின் பெயர் மட்டும் முன்னே நிறுத்தப்பட்டது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுத்த பிறகு, தேர்தலுக்கு முன்னரே பெயர்கள் வெளிவந்தன. தெரிந்தே மறைத்தது என்று கண்ட நீதிபதி 60 லட்சம் டாலர் அபராதத்தை மும்மடங்காக்கி 1 கோடியே 80 லட்சமாக 2016இல் விதித்தார். அளவு மீறிய தண்டனை என்ற வாதத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2022இல் தள்ளியது.

இந்த அனுபவங்களிலிருந்து பாடம் படித்த மாநிலங்களில் உங்களுடையது முக்கியமானது. 2022 நவம்பரில் அரிசோனா வாக்காளர்கள் பெரும்பான்மையோடு நிறைவேற்றிய 211ஆம் தீர்மானத்தின்படி, மாநில அளவிலான தேர்தல்களில் 50,000 டாலருக்கு மேலும் மற்றத் தேர்தல்களில் 25,000 டாலருக்கு மேலும் பிரசார விளம்பரத்துக்குச் செலவிடுவோர், 5,000 டாலருக்கு மேற்பட்ட நன்கொடையின் மூலத்தை, அதாவது அந்தப் பணத்தை முதன்முதலில் சம்பாதித்தவரின் பெயரை, எத்தனை கை மாறியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். பெயர் வெளிவருவதை விரும்பாத நன்கொடையாளர் தம் பணத்தை இதற்குப் பயன்படுத்த வேண்டாம் என்று விலகிக்கொள்ள 21 நாள் அவகாசம் உண்டு. அலாஸ்காவும் 2020இல் இதுபோன்ற விதியை ஏற்றது. வெளிமாநிலப் பணமே பாதிக்கு மேல் என்றால் அதை விளம்பரத்திலேயே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் சேர்த்தது.

மறுபக்க நியாயம் ஒன்று உண்டு, அது சிறியதல்ல. 1956இல் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யிடம் அலபாமா அரசு உறுப்பினர் பட்டியலைக் கேட்டது. பட்டியல் வெளியானால் அந்த மனிதர்களின் வேலையும் வீடும் உயிரும் ஆபத்துக்குள்ளாகும் என்பதால், அதைத் தரத் தேவையில்லை என்று 1958இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நன்கொடையாளரை மறைக்க விரும்பும் செல்வந்தர்கள் இன்று இந்தத் தீர்ப்பையே கேடயமாகப் பிடிக்கிறார்கள். உறுப்பினராக இருப்பதும், தேர்தல் விளம்பரத்துக்குக் கோடிகளில் பணம் தருவதும் ஒன்றல்ல என்பது என் எண்ணம். தவிர, உண்மையில் அச்சுறுத்தலுக்கு உள்ளாகும் சிறு கட்சிகளுக்கு நீதிமன்றங்கள் விலக்கு அளித்தே வந்திருக்கின்றன. 1982இல் ஒஹையோவில் சோஷலிஸ்ட் தொழிலாளர் கட்சிக்கு அப்படிக் கிடைத்தது.

கேள்வி: பெயரைத் தேடி அலைவதற்குப் பதில், இவ்வளவுக்கு மேல் விளம்பரத்துக்குச் செலவழிக்கக்கூடாது என்று மாநிலங்கள் சட்டம் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?
– வாசகர், ஆஸ்டின், டெக்ஸாஸ்

பதில்: அந்தக் கதவு 1976லேயே மூடப்பட்டுவிட்டது. பக்லி எதிர் வேலியோ வழக்கில், பிரசாரத்துக்குச் செலவிடுவது பேச்சுரிமையின் பகுதி, எனவே செலவுக்கு வரம்பு கட்டுவது அரசியலமைப்பின் முதல் திருத்தத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வேட்பாளருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும் வரம்பு வைக்கலாம். அதையும் எல்லா மாநிலங்களும் வைப்பதில்லை. வர்ஜீனியாவில் நன்கொடைக்கு உச்சவரம்பே கிடையாது. 2010 ஜனவரி 21 அன்று வந்த சிட்டிசன்ஸ் யுனைட்டட் தீர்ப்பு, நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளரோடு கலந்து பேசாமல் தாமாகச் செய்யும் செலவுக்கும் வரம்பு கூடாது என்றது.

அந்தத் தீர்ப்பைத் திட்டுபவர்கள் அதன் இரண்டாம் பாதியைப் பெரும்பாலும் படிப்பதில்லை. செலவு விஷயத்தில் நீதிபதிகள் 5–4 என்று பிரிந்தார்கள். ஆனால் விளம்பரத்தில் பெயர் போடுவதும் நன்கொடையை வெளியிடுவதும் செல்லும் என்பதை 8–1 என்ற கணக்கில் ஏற்றார்கள். எவ்வளவு பணம், என்ன பேச்சு என்ற இரண்டிலும் மாநிலத்தின் கை கட்டப்பட்டுவிட்டதால், யாருடைய பணம் என்பதைச் சொல்ல வைப்பது ஒன்றுதான் அவற்றிடம் எஞ்சியிருக்கும் வலுவான கருவி. எழுத்துருவின் அளவுக்கு இத்தனை சண்டை நடப்பதற்குக் காரணம் இதுவே.

கேள்வி: எங்கள் நகரத் தேர்தலில் முகநூலிலோ கூகுளிலோ வேட்பாளர் விளம்பரம் எதையும் காண முடிவதில்லை. தடை ஏதும் இருக்கிறதா?
– வாசகி, சியாட்டில், வாஷிங்டன்

பதில்: அரசு தடை விதிக்கவில்லை, நிறுவனங்கள்தாம் விலகிக்கொண்டன. 1972இல் உங்கள் மாநில மக்கள் 276ஆம் தீர்மானத்தின் மூலம் நிறைவேற்றிய வெளிப்படுத்தல் சட்டம், விளம்பரம் கொடுப்பவரோடு நில்லாமல் விளம்பரத்தை வாங்கி வெளியிடுபவர்மீதும் கடமை சுமத்துகிறது. பணம் கொடுத்தவரின் பெயரும் முகவரியும், தொகை, செலுத்திய விதம் முதலியவற்றைப் பதிவு செய்து வைத்து, எவர் கேட்டாலும் காட்ட வேண்டும். இணைய விளம்பரமானால் எந்த வயதினருக்கு, எந்த வட்டாரத்துக்குக் குறிவைக்கப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது என்பனவும் அதில் அடங்கும். கேட்பவர் பத்திரிகையாளராக இருக்க வேண்டியதில்லை, நீங்களும் கேட்கலாம்.

நாளிதழ்களையும் வானொலிகளையும் மனத்தில் வைத்து எழுதிய கடமை இது. 2018இல் இதன்படி தொடுக்கப்பட்ட வழக்குகளில் முகநூலும் கூகுளும் தலா இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலுத்திச் சமரசம் செய்துகொண்டு, வாஷிங்டன் மாநிலத் தேர்தல் விளம்பரங்களை இனி ஏற்பதில்லை என்று அறிவித்தன. ஆனால் முகநூலில் விளம்பரங்கள் தொடர்ந்து வந்தன. விவரம் கேட்டவர்களுக்கு உரிய விடை கிடைக்கவில்லை. மாநிலம் மறுபடியும் வழக்குத் தொடுத்தது. கிங் கவுண்டி நீதிபதி 2022 அக்டோபரில் 822 மீறல்களைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் சட்டம் அனுமதித்த உச்ச அளவான 30,000 டாலர் வீதம் முகநூலின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு ஏறத்தாழ 2 கோடியே 47 லட்சம் டாலர் அபராதம் விதித்தார். விளம்பரத்தைக் குறிவைத்துக் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட நிறுவனம், குறிவைத்த விவரத்தைத் தருவது தாங்க முடியாத சுமை என்று வாதாடியதை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆனால் இதே கடமையை மேரிலாந்து 2018இல் சட்டமாக்கியபோது நீதிமன்றத்தில் தோற்றது. 2016 தேர்தலில் ரஷ்யாவிலிருந்து வந்த முகநூல் விளம்பரங்களைக் கண்டு எழுந்த சட்டம் அது. பெரிய தளங்களோடு செய்தித்தாள்களின் இணையதளங்களையும் உள்ளே இழுத்துக்கொண்டது. வாஷிங்டன் போஸ்ட் உள்ளிட்ட இதழ்கள் எதிர்த்தன. செய்தியிதழை இதைப் பிரசுரி என்று அரசு நிர்ப்பந்திப்பது கூடாது என்று மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019 டிசம்பரில் கூறியது. எனவே வெளியிடுபவர்மீது சுமத்தும் கடமை எதுவரை செல்லும் என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை.

கேள்வி: விளம்பரத்தில் அப்பட்டமான பொய் வந்தால் தொலைக்காட்சி நிலையம் அதை நிறுத்தாதா? இப்போது செயற்கை நுண்ணறிவால் குரலையும் முகத்தையுமே மாற்றிவிடுகிறார்களே?
– வாசகர், மான்செஸ்டர், நியூ ஹாம்ப்ஷயர்

பதில்: வேட்பாளரே தரும் விளம்பரமானால் நிலையம் நிறுத்த முடியாது. 1934 தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, வேட்பாளரின் விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட வெட்டக்கூடாது என்கிறது. அதற்கு ஈடாக, அதிலுள்ள அவதூறுக்கு நிலையத்தைப் பொறுப்பாக்கவும் முடியாது என்று 1959இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வெளிக் குழுக்கள் தரும் விளம்பரத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால்தான் எதிர்த் தரப்பின் வழக்கறிஞர்கள் நிலையங்களுக்கு நோட்டீஸ் அனுப்பி, குழு விளம்பரங்களைச் சில வேளை நிறுத்திவிடுகிறார்கள்.

பொய்யையே குற்றமாக்கிய மாநிலங்கள் ஒவ்வொன்றாகத் தோற்றன. வாஷிங்டனில் போட்டியாளரைப் பற்றித் தவறான தகவலைப் பிரசுரத்தில் அச்சிட்ட கிரீன் கட்சி வேட்பாளருக்கு 1,000 டாலர் அபராதம் போடப்பட்டது. எது உண்மை என்று அரசு தீர்மானிக்கக்கூடாது என்று 2007இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தையே நீக்கியது. மின்னசோட்டாவின் சட்டம் 2014இலும் ஒஹையோவின் சட்டம் 2016இலும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் விழுந்தன. அவதூறு வழக்குப் போடலாம்; ஆனால் பொது வாழ்வில் இருப்பவர், சொன்னவர் பொய்யென்று அறிந்தே சொன்னார் அல்லது உண்மையைப் பற்றிக் கவலையே படாமல் சொன்னார் என்று மெய்ப்பிக்க வேண்டும். அந்த விதியைத் தந்த 1964ஆம் ஆண்டின் சல்லிவன் வழக்கே நியூயார்க் டைம்ஸில் வந்த முழுப் பக்க அரசியல் விளம்பரத்தைப் பற்றியதுதான்.

செயற்கை நுண்ணறிவிலும் அதே வரிசை திரும்புவதாகவே தோன்றுகிறது. தேர்தலுக்கு முந்தைய 30 நாட்களில் ஏமாற்றும் நோக்கத்தோடு போலிக் காணொளி வெளியிடுவதை டெக்ஸாஸ் 2019இல் குற்றமாக்கியது. கலிஃபோர்னியா 2024 செப்டம்பரில் மேலும் விரிவான தடையைக் கொண்டுவந்தது; ஏறத்தாழ இரண்டு வாரத்தில், அக்டோபர் 2 அன்று, மத்திய நீதிபதி ஒருவர் அதன் பெரும்பகுதியை நிறுத்திவைத்தார். அதே சமயத்தில் வந்த ஏபி 2355 என்ற சட்டம், தடை எதுவும் விதிக்காமல், செயற்கை நுண்ணறிவால் உருவான விளம்பரம் என்று குழுக்கள் அதிலேயே எழுத வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. இந்த இரண்டாவது வகைச் சட்டங்களுக்கே ஆயுள் அதிகம் என்று நினைக்கிறேன். உங்கள் மாநிலத்தில் 2024 ஜனவரியில் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, வாக்களிக்க வர வேண்டாம் என்று அதிபர் பைடனின் போலிக் குரலில் வந்த தொலைபேசி அழைப்பை மறந்திருக்க மாட்டீர்கள். அதற்குக் காரணமான அரசியல் ஆலோசகருக்கு மத்தியத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 60 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. மாநிலக் குற்ற வழக்கில் 2025இல் ஜூரி அவரை விடுவித்தது.

கேள்வி: பள்ளி வாரியத் தேர்தல் பற்றி நானே எழுதி, வீட்டுப் பிரிண்டரில் நூறு நோட்டீஸ் எடுத்து, பூங்காவில் விநியோகிக்க ஆசை. பெயர் போடாவிட்டால் குற்றமா?
– வாசகி, கொலம்பஸ், ஒஹையோ

பதில்: உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதற்கான தீர்ப்பு பிறந்தது. 1988 ஏப்ரலில் வெஸ்டர்வில்லில் மார்கரெட் மக்கின்டயர் என்ற பெண்மணி, பள்ளி வரியை எதிர்த்துத் தம் வீட்டுக் கணினியில் தயாரித்த நோட்டீஸைக் கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கொடுத்தார். மகனும் ஒரு நண்பரும் நிறுத்துமிடத்தில் கார் கண்ணாடிகளில் சிலவற்றைச் செருகினார்கள். சிலவற்றில் அவர் பெயர் இருந்தது. மற்றவற்றில் ‘அக்கறையுள்ள பெற்றோர்களும் வரி செலுத்துவோரும்’ என்று மட்டுமே இருந்தது. ஒஹையோ தேர்தல் ஆணையம் 100 டாலர் அபராதம் விதித்தது. உச்ச நீதிமன்றம் 1995 ஏப்ரலில் 7–2 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்பளித்தபோது அவர் உயிரோடு இல்லை. கணவர்தாம் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்.

எனவே தனி ஆளாக, சொந்தக் காசில், சொந்தக் கருத்தை எழுதும்போது பெயர் போடாமல் இருக்கும் உரிமை உங்களுக்கு வலுவாகவே இருக்கிறது. வேட்பாளரோ குழுவோ பணம் கொடுத்தாலோ, நீங்கள் பிறரிடம் வசூலித்தாலோ கதை மாறும். எந்தத் தொகையில் மாறும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு; கலிஃபோர்னியாவில் தனியாகச் செய்யும் செலவு ஓராண்டில் 1,000 டாலரைத் தொட்டால் நீங்களே சட்டத்தின் பார்வையில் ஒரு ‘குழு’ ஆகிவிடுகிறீர்கள். சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்பவருக்கும் இதே கோடுதான்: கலிஃபோர்னியாவில் 2024 முதல், குழுவிடம் பணம் வாங்கிக்கொண்டு வேட்பாளரைப் பற்றிப் பதிவிடுபவர் அதை அந்தப் பதிவிலேயே சொல்ல வேண்டும்.

கேள்வி: நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். மேயர் தேர்தலில் நண்பர் நிற்கிறார். அவருக்காக முகநூலில் 50 டாலருக்கு ஒரு விளம்பரம் போடலாமா?
– வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: போடக்கூடாது. 50 டாலர் அல்ல, 5 டாலரும் கூடாது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்கள் மத்திய, மாநில, உள்ளூர்த் தேர்தல் எதிலும் நன்கொடை தரவோ, ஆதரித்தோ எதிர்த்தோ செலவிடவோ மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது; இந்த ஒரு விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் சட்டப்படி வேலை பார்த்த கனடா நாட்டு வழக்கறிஞர் ஒருவர், அதிபர் ஒபாமாவுக்கு ஆதரவாக நோட்டீஸ் அச்சிட்டு நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் கொடுக்க அனுமதி கேட்டு வழக்குத் தொடுத்தார். 2011இல் மூன்று நீதிபதிகள் மறுத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மீறினால் அபராதத்தோடு போகாது. குடியேற்ற விண்ணப்பத்திலும் பின்னாளில் குறுக்கே நிற்கலாம்.

ஊதியம் வாங்காமல் நண்பருக்காக வீடு வீடாகச் செல்லலாம், தொலைபேசியில் பேசலாம், உங்கள் பக்கத்தில் காசு செலவழிக்காமல் கருத்தும் எழுதலாம். குழுவின் பணத்தை எப்படிச் செலவிடுவது என்ற முடிவுகளில் மட்டும் பங்கேற்காதீர்கள். மக்கள் வாக்குக்கு விடப்படும் தீர்மானங்களில் மத்தியத் தடை பொருந்தாது என்று எஃப்.இ.சி. 2021இல் கருதியதால், பல மாநிலங்கள் தாமே சட்டம் இயற்றுகின்றன. ஒஹையோ 2024இல் இயற்றிய சட்டம் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டது. அங்கு இருக்கும் வாசகர்கள் கவனிக்க.

கேள்வி: வீட்டு வாசலில் வேட்பாளர் பலகை நடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் கடிதம் அனுப்பியிருக்கிறது.
– வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்ஸாஸ்

பதில்: டெக்ஸாஸில் தேர்தலுக்கு 90 நாள் முன்பிருந்து 10 நாள் பின்பு வரை சங்கம் தடுக்க முடியாது. ஒரு வேட்பாளருக்கு ஒரு பலகை, அளவு 4 அடிக்கு 6 அடிக்கு மேற்படாமல், தரையில் ஊன்றியதாக இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடுகளைச் சங்கம் வைக்கலாம். பலகையைச் சாலையோர அரசு நிலத்தில் நட்டுவிடாதீர்கள். அது மாநிலச் சட்டப்படி குற்றம் என்ற எச்சரிக்கையைப் பலகையிலேயே அச்சிட வேண்டும் என்பதும் உங்கள் மாநில விதி.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கத்தின் விழா மலருக்கு நகரமன்ற வேட்பாளர் ஒருவர் முழுப் பக்க விளம்பரம் தருகிறார். வாங்கலாமா? அவர் சொல்லும் குழு யாருடையது என்று எங்கே பார்ப்பது?
– சங்கச் செயலர் ஒருவர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: உங்கள் சங்கம் 501(சி)(3) பிரிவில் வரிவிலக்குப் பெற்றதென்றால், 1954 முதல் உள்ள மத்திய வரிச் சட்டப்படி எந்த வேட்பாளரையும் ஆதரிக்கவோ எதிர்க்கவோ கூடாது. விளம்பரப் பக்கத்தை விற்பது ஆதரவு ஆகாமல் இருக்க, மற்ற விளம்பரதாரர்களுக்கு உள்ள அதே கட்டணத்தை வாங்குங்கள், எதிர் வேட்பாளர் கேட்டால் அவருக்கும் அதே கட்டணத்தில் கொடுங்கள். பக்கத்தின் அடியில் பணம் கொடுத்தவர் பெயரைப் போடும் பொறுப்பு வேட்பாளருடையது. இல்லாவிட்டால் அச்சுக்கு அனுப்பாமல் திருப்பிக் கேளுங்கள். தலைவரின் வாழ்த்துரைக்கு எதிர்ப் பக்கத்தில் அதை வைக்காமல் இருப்பது நல்லது. சியாட்டில் வாசகிக்குச் சொன்ன பதிவேட்டுக் கடமை விளம்பரம் விற்கும் உங்களுக்கும் வரக்கூடும் என்பதால், ரசீதையும் பணம் வந்த விவரத்தையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள்.

குழுவைப் பற்றி அறிய, வாஷிங்டனின் பொது வெளிப்படுத்தல் ஆணையம் தன் தளத்தில் நன்கொடைகளையும் செலவுகளையும் தேடும்படி வைத்திருக்கிறது. கலிஃபோர்னியாவில் அதே வேலையைச் செய்யும் தளத்தின் பெயர் கால்-ஆக்ஸஸ். தொலைக்காட்சி, வானொலி விளம்பரமானால் எஃப்.சி.சி.யின் பொதுக் கோப்புத் தளத்தில் நிலையத்தின் அழைப்பெழுத்துகளை இட்டு, ‘அரசியல் கோப்பு’ என்ற உறையைத் திறவுங்கள். யார், எந்த நேரத்துக்கு, எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்ற ஒப்பந்தத்தின் நகல் அங்கே இருக்கும். தேசிய அளவிலான விவகாரம் ஒன்றைப் பற்றிக் குழு தந்த விளம்பரமானால் அதன் நிர்வாகிகளின் பெயர்களும் இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.